127 பக்க ரகசியம்!
2 கோடிப் பேரின் அந்தரங்கம் களவு போன கதை

வேலைக்கு மனுப் போட்டால் என்னென்ன கேட்பார்கள்? பெயர் என்ன, வயது என்ன, என்ன படித்திருக்கிறீர்கள், முன்பு எங்கே வேலை பார்த்தீர்கள்? மிஞ்சிப் போனால் இரண்டு பக்கம். அவ்வளவுதானே!

அமெரிக்க சர்க்காரில், ராணுவ ரகசியமோ ராஜாங்க ரகசியமோ புழங்குகிற வேலைக்குப் போகிறவர் பூர்த்தி செய்ய வேண்டிய பாரம் ஒன்று உண்டு. அதற்கு "எஸ்.எப். 86" என்று பெயர். 2015-ம் ஆண்டில் அந்தப் பாரம் எத்தனை பக்கம் தெரியுமா?

127 பக்கம்!

அதில் இல்லாத கேள்வி இல்லை. கடந்த 10 ஆண்டுகளில் எந்தெந்த வீட்டில் குடியிருந்தீர்கள்? அங்கே உங்களை அறிந்தவர் யார்? பழைய வேலையை ஏன் விட்டீர்கள்? தாய், தகப்பன், உடன்பிறந்தார் எங்கே இருக்கிறார்கள்? விவாகரத்து ஆகியிருக்கிறதா? வெளிநாட்டில் சிநேகிதர்கள் உண்டா? கடனைக் கட்டாமல் விட்டது உண்டா? போலீசார் எப்போதாவது பிடித்திருக்கிறார்களா? குடியால் தொல்லை உண்டா? போதை மருந்து தொட்டதுண்டா? மனக்கோளாறுக்கு வைத்தியம் செய்துகொண்டீர்களா?

பொய் எழுதினால் குற்றம். சிறைக்கும் போக நேரிடும். ஆகவே, கட்டிய மனைவியிடம் கூடச் சொல்லாததை அந்தப் பாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அதோடு முடிந்ததா? இல்லை. சோதனை அதிகாரிகள் புறப்பட்டுப் போய், பக்கத்து வீட்டுக்காரரை விசாரிப்பார்கள். பழைய முதலாளியைக் கேட்பார்கள். அவர்கள் சொன்னதும் பைலில் ஏறும். விண்ணப்பித்தவரின் கைரேகையும் சேரும்.

இப்படிச் சேர்ந்த பைல்கள்தான் களவு போயின. ஒன்றல்ல, இரண்டல்ல. 2 கோடியே 15 லட்சம் பேரின் விவரம்!

சுரங்கத்தில் காகிதம்

இந்தப் பைல்களுக்குக் காவலாக இருந்தது, அமெரிக்க சர்க்காரின் பணியாளர் நிர்வாக இலாகா. சுருக்கமாக "ஓ.பி.எம்." என்பார்கள். தலைமைக் காரியாலயம் வாஷிங்டனில் இருக்கிறது. சர்க்கார் சிப்பந்திகளின் உத்தியோக விவரம், பென்ஷன், வேலைக்கு வருகிறவர்களின் பூர்வோத்தரச் சோதனை எல்லாம் அப்போது அதன் பொறுப்பாக இருந்தன. அதாவது, முதலாளியும் அதுவே, சர்க்காரும் அதுவே.

காகிதங்களை அந்த இலாகா வைத்திருந்த இடத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பென்சில்வேனியா மாகாணத்தில் பாயர்ஸ் என்ற ஊரில் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கிறது. பூமிக்கு அடியில் 230 அடி ஆழத்தில், அந்தச் சுரங்கத்துக்குள்தான் பென்ஷன் தஸ்தாவேஜுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. 2014-ம் ஆண்டில் சுமார் 600 சிப்பந்திகள் சுரங்கத்துக்குள் உட்கார்ந்து அந்தக் காகிதங்களோடு வேலை பார்த்தார்கள்.

அங்கிருந்து 2 கோடிப் பேரின் காகிதத்தைத் திருட வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? காவலர்களைக் கட்டிப் போட வேண்டும். வரிசை வரிசையாக லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நடக்கிற காரியமா?

ஆனால் கம்ப்யூட்டரில் இருந்ததைத் திருட லாரி தேவைப்படவில்லை. சுரங்கமும் குறுக்கே நிற்கவில்லை. திருடியவர்கள் வாஷிங்டன் பக்கமே வந்திருக்க வேண்டியதில்லை.

முதல் திருடன்

2014-ம் ஆண்டு மார்ச் மாதம். ஓ.பி.எம். கம்ப்யூட்டர்களில் யாரோ அந்நியன் நடமாடுகிறான் என்று துப்புக் கிடைத்தது. கம்ப்யூட்டர் நிபுணர்கள் உடனே அவனை விரட்டவில்லை. எங்கே போகிறான், எதைத் தொடுகிறான் என்று மறைந்திருந்து கவனித்தார்கள். விட்டுப் பிடிப்பது என்பார்களே, அதே தந்திரம்.

அவன் எடுத்தது கம்ப்யூட்டர் அமைப்புகள் பற்றிய கையேடுகள், குறிப்புகள். வீட்டைக் கொள்ளையடிக்க வருகிறவன், எந்த அறையில் பெட்டி, எந்த மூலையில் பீரோ என்று முதலில் படம் போட்டுக்கொள்வது போல.

பைல்கள் இருக்கும் பக்கம் அவன் நெருங்கியதும் விழித்துக்கொண்டார்கள். மே மாதம் 27-ந்தேதி ஒரே மூச்சில் அவன் வழிகளை அடைத்து வெளியே தள்ளினார்கள். அப்பாடா என்று பெருமூச்சு விட்டார்கள்.

அவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அதற்கு 20 நாள் முன்பே, மே 7-ந்தேதி, இரண்டாவது திருடன் உள்ளே வந்துவிட்டான்!

இரண்டாவது திருடன்

இவன் சுவரில் கன்னம் வைக்கவில்லை. பூட்டை உடைக்கவில்லை. சாவி போட்டுத் திறந்துகொண்டு நேர் வாசல் வழியாக வந்தான்.

அது ஏது சாவி? பூர்வோத்தரச் சோதனை வேலையில் ஒரு பகுதியைத் தனியார் கம்பெனிகளுக்குக் காண்டிராக்டு விட்டிருந்தார்கள். அப்படி ஒரு கம்பெனியைச் சேர்ந்தவருக்குக் கொடுத்திருந்த பெயரும் பாஸ்வேர்டும் திருடன் கையில் சிக்கிவிட்டன. கம்ப்யூட்டருக்கு ஆளின் முகம் தெரியுமா? சரியான சொல்லைச் சொன்னான், கதவு திறந்தது.

உள்ளே வந்தவன் கள்ளத்தனமாக ஒரு மென்பொருளை ஒளித்து வைத்தான். முதல் திருடனை விரட்டிய சந்தடியில் இவனை யாரும் கவனிக்கவில்லை.

2014 ஜூலை மாதம் முதல் திருடன் விவகாரம் பத்திரிகைகளில் வெளியாயிற்று. "தகவல் எதுவும் பறிபோகவில்லை" என்று இலாகாவின் தலைவி சொன்னார். அவர் அப்படிச் சொன்ன அதே ஜூலையில்தான், அந்த 127 பக்கப் பாரங்கள் மூட்டை மூட்டையாக வெளியேறிக்கொண்டிருந்தன. டிசம்பரில் 42 லட்சம் பேரின் உத்தியோக விவரங்கள் போயின. 2015 மார்ச் மாதம் கைரேகைகளும் போய்ச் சேர்ந்தன.

கிட்டத்தட்ட ஓர் ஆண்டு! வீட்டுக்குள் திருடன் குடியிருக்கிறான். வீட்டுக்காரருக்குத் தெரியாது.

குட்டு வெளிப்பட்டது

2015-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந்தேதி. ஓ.பி.எம். கம்ப்யூட்டரிலிருந்து ஏதோ ஒரு வெளி முகவரிக்குத் தகவல் போய்க்கொண்டிருப்பதை நிபுணர்கள் கண்டார்கள். அந்த முகவரியின் பெயர் "ஓபிஎம் செக்யூரிட்டி". அதாவது, ஓ.பி.எம். பாதுகாப்பு! பார்த்தால் இலாகாவின் சொந்த முகவரி மாதிரியே இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு முகவரி இலாகாவுக்குக் கிடையாது.

யார் பெயரில் அது பதிவாகி இருக்கிறது என்று பார்த்தார்கள். "ஸ்டீவ் ரோஜர்ஸ்" என்று இருந்தது. அமெரிக்கச் சிறுவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். "கேப்டன் அமெரிக்கா" என்ற சித்திரக்கதை வீரனின் இயற்பெயர் அது! இன்னொரு கள்ள முகவரி "டோனி ஸ்டார்க்" பெயரில் இருந்தது. அவனும் சித்திரக்கதை வீரன்தான். "அயர்ன் மேன்" என்ற இரும்பு மனிதன். திருடியதும் அல்லாமல் கேலியும் செய்திருக்கிறார்கள்.

ஒளித்து வைத்த மென்பொருளுக்கும் ஒரு வேஷம் போட்டிருந்தார்கள். பிரபலமான வைரஸ் தடுப்புச் சாதனம் ஒன்றின் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார்கள். அதிலேதான் அகப்பட்டுக்கொண்டார்கள். ஏனென்றால், ஓ.பி.எம். அந்தச் சாதனத்தை உபயோகிப்பதே இல்லை! கூர்க்கா உடுப்பில் ஒருவன் வாசலில் நிற்கிறான். ஆனால் இந்த வீட்டில் கூர்க்காவே வைத்ததில்லை என்றால் எப்படி இருக்கும்? அப்படி.

ஜூன் 4-ந்தேதி முதல் சேதி வெளியாயிற்று. சுமார் 40 லட்சம் பேரின் விவரம் போயிற்று என்றார்கள். ஜூலை 9-ந்தேதி அடுத்த குண்டு விழுந்தது. பூர்வோத்தரச் சோதனைப் பைல்களிலிருந்து 2 கோடியே 15 லட்சம் பேரின் விவரம் போய்விட்டது என்றார்கள். மறுநாளே இலாகாவின் தலைவி ராஜினாமாச் செய்தார்.

கைரேகை கணக்கும் அப்படித்தான் வளர்ந்தது. முதலில் 11 லட்சம் பேருடையது என்றார்கள். செப்டம்பரில் 56 லட்சம் என்று திருத்தினார்கள்.

மனுப் போடாதவர்களும்!

இந்த 2 கோடியே 15 லட்சம் பேரில், 18 லட்சம் பேர் வேலைக்கு மனுப் போடவே இல்லை. மனுப் போட்டவரின் மனைவி, கணவன், உடன் வசித்தவர்கள். அவர்கள் எந்தப் பாரத்திலும் கையெழுத்துப் போடவில்லை. இருந்தும் அவர்கள் விவரம் அந்தப் பைலில் இருந்தது. பைல் போனபோது அதுவும் போயிற்று.

மீதிப் பேர் எல்லோரும் அப்போது சர்க்கார் வேலையில் இருந்தவர்களா என்றால் அதுவும் இல்லை. எப்போதோ வேலையை விட்டவர்கள் உண்டு. மனுப் போட்டும் வேலை கிடைக்காதவர்கள் உண்டு. 2000-ம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ சோதனைக்கு ஆளானவர்கள் பெரும்பாலும் தப்பவில்லை என்று இலாகாவே அறிவித்தது. சம்பளம் நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் பைல் மட்டும் நிற்காமல் இருந்துகொண்டே இருந்தது!

திருடனுக்கு என்ன லாபம்?

இது பணத்துக்கு ஆசைப்பட்ட திருட்டு அல்ல என்பது அமெரிக்க அதிகாரிகளின் கருத்து. சீனாவின் வேலை இது என்று அவர்கள் சந்தேகித்தார்கள். சீன சர்க்கார் மறுத்தது. யாரோ சில கிரிமினல்களின் கைவரிசை என்று சீன சர்க்கார் செய்தி நிறுவனம் 2015 டிசம்பரில் சொல்லிற்று.

யார் செய்திருந்தாலும், உளவு வேலைக்கு இதைவிடப் பெரிய புதையல் கிடையாது. எந்த அதிகாரிக்குக் கடன் கழுத்தை நெரிக்கிறது? யாருக்குக் குடிப்பழக்கம்? யாருடைய தாயார் வெளிநாட்டில் தனியாக இருக்கிறார்? எல்லாம் அவரவர் கைப்பட எழுதியது. மிரட்டவும் உதவும், ஆசை காட்டவும் உதவும்.

இன்னொரு விபரீதமும் உண்டு. பட்டியலில் இருக்கிற பெயர் மட்டும் அல்ல, இல்லாத பெயரும் காட்டிக் கொடுக்கும்! அமெரிக்க உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ. தன் ஆட்களைத் தானே சோதித்துக்கொள்ளும். அவர்கள் பைல் ஓ.பி.எம்.மில் இராது. ஒரு தூதராலயத்தில் 50 அதிகாரிகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 பேரின் பைல் திருட்டு மூட்டையில் இருக்கிறது. 5 பேருடையது இல்லை. அந்த 5 பேர் யார் என்ற சந்தேகம் வராதா? இந்தப் பயத்தால், பீக்கிங் தூதராலயத்திலிருந்து சி.ஐ.ஏ. தன் ஆட்கள் சிலரைத் திருப்பி அழைத்துக்கொண்டது என்று 2015 செப்டம்பரில் பத்திரிகைகள் எழுதின.

பூட்டு இருந்ததா?

"விவரங்களை ஏன் சங்கேத எழுத்தாக மாற்றி வைக்கவில்லை?" என்று அமெரிக்க காங்கிரஸ் அங்கத்தினர்கள் கேட்டார்கள். கம்ப்யூட்டர்கள் மிகப் பழையவை, அவற்றில் அது முடியாது என்று பதில் வந்தது.

மற்றோர் அதிகாரி சொன்ன பதில்தான் யோசிக்க வைக்கிறது. சங்கேத எழுத்தாக மாற்றியிருந்தாலும் இந்தத் திருட்டில் பயன் இருந்திராது என்றார் அவர். உண்மைதானே! சாவியோடு வந்தவனுக்குப் பூட்டு எதற்கு? உரிய ஆள் வந்துவிட்டார் என்று நினைத்துக் கம்ப்யூட்டரே சங்கேதத்தைப் பிரித்துக் காட்டிவிடும்.

அப்படியானால் வேறு வழியே இல்லையா? இருந்தது. பாங்கில் நகைப் பெட்டகம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அதற்கு இரண்டு சாவி. ஒன்று உங்களிடம், மற்றொன்று பாங்கியிடம். இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டகம் திறக்கும். கம்ப்யூட்டருக்கும் அப்படி இரண்டாவது சாவி உண்டு. பாஸ்வேர்டைச் சொன்னால் மட்டும் போதாது. சிப்பந்தியின் அடையாள அட்டையையும் செருக வேண்டும். பாஸ்வேர்டைத் திருடியவனிடம் அட்டை இராது. வாசலிலேயே நின்றுவிடுவான்.

அந்த இரண்டாவது சாவியை எல்லோருக்கும் கட்டாயமாக்கும்படி சர்க்கார் உத்தரவு முன்பே இருந்தது. 2014-ல் ஓ.பி.எம். அதை முழுதாக நிறைவேற்றவில்லை.

எச்சரிக்கையும் இல்லாமல் போகவில்லை. இலாகாவின் தலைமைத் தணிக்கை அதிகாரி ஆண்டுக்கு ஆண்டு குறை எழுதி வந்தார். 11 கம்ப்யூட்டர் அமைப்புகள் முறையான பாதுகாப்புச் சான்று இல்லாமலே ஓடுகின்றன, அவற்றை நிறுத்திவிடுவது பற்றி யோசியுங்கள் என்று 2014 நவம்பரில் எழுதினார். நிறுத்தவில்லை. அதற்குள் பாதிச் சொத்து போய்விட்டிருந்தது என்பது அவருக்கும் தெரியாது.

இந்தத் திருட்டைத் தடுத்திருக்க முடியும் என்று, பிரதிநிதிகள் சபைக் கமிட்டியின் பெரும்பான்மைக் கட்சியினர் 2016 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை அடித்துச் சொல்லிற்று.

இன்னொரு வாஷிங்டன்

திருடன் வந்தால்தான் விவரம் போகும் என்பதும் இல்லை. இங்கிலாந்தின் வட பகுதியிலும் வாஷிங்டன் என்று ஓர் ஊர் உண்டு. அங்குள்ள வருமானவரி, சுங்க இலாகா காரியாலயத்தில் 2007-ம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள்.

குழந்தை வளர்ப்புக்கு சர்க்கார் உதவித்தொகை பெறும் குடும்பங்களின் பட்டியலிலிருந்து சில விவரங்களை லண்டனில் உள்ள தணிக்கை இலாகா கேட்டிருந்தது. பாங்குக் கணக்கு விவரம் வேண்டாம், அதை நீக்கிவிட்டு அனுப்பலாம் என்றும் தணிக்கைக்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். நீக்குவதற்குச் செலவு ஆகும் என்று, முழுப் பட்டியலையும் இரண்டு கம்ப்யூட்டர் தட்டுகளில் ஏற்றிவிட்டார்கள். அக்டோபர் 18-ந்தேதி சாதாரணத் தபால் பையில் போட்டு அனுப்பினார்கள். பதிவுத் தபால் கூட இல்லை.

தட்டுகள் போய்ச் சேரவே இல்லை.

அவற்றில் இருந்தது 72½ லட்சம் குடும்பங்களின் விவரம். ஆட்கணக்கில் இரண்டரைக் கோடி. பெயர், விலாசம், பிறந்த தேதி, பாங்குக் கணக்கு, எல்லாம்! நவம்பர் 20-ந்தேதி நிதிமந்திரி பார்லிமெண்டில் எழுந்து விஷயத்தைச் சொன்னார். இலாகாவின் தலைவர் பதவி விலகினார். போலீசார் தேடினார்கள். தட்டுகள் கிடைக்கவில்லை.

இங்கே கன்னக்கோல் இல்லை, கள்ளச்சாவி இல்லை. கேட்டது கொஞ்சம், அனுப்பியது அத்தனையும். அதுதான் நடந்த தவறு.

விரலை மாற்ற முடியுமா?

அமெரிக்காவில் நஷ்டத்தை எப்படி ஈடு செய்தார்கள்? ஒருவர் பெயரில் வேறொருவர் கடன் வாங்குகிறாரா, கள்ளக் கணக்குத் திறக்கிறாரா என்று கண்காணிக்க ஏற்பாடு செய்தார்கள். 2015 செப்டம்பரில் அதற்காகக் கொடுத்த காண்டிராக்டு மட்டும் 13 கோடியே 30 லட்சம் டாலர். வழக்குப் போட்டவர்களுக்கு நஷ்டஈடாக 6 கோடியே 30 லட்சம் டாலர் ஒதுக்க 2022-ல் உடன்பாடு ஆயிற்று. சோதனை வேலையை ஓ.பி.எம்.மிடமிருந்து எடுத்து, 2019-ல் ராணுவ இலாகாவிடம் கொடுத்தார்கள்.

எல்லாம் சரி. ஆனால் போனது திரும்பி வந்ததா?

பாஸ்வேர்டு களவு போனால் மாற்றலாம். பாங்குக் கணக்கு எண் போனால் வேறு கணக்குத் திறக்கலாம். வீட்டைக் கூட மாற்றலாம். 56 லட்சம் பேரின் விரலை எப்படி மாற்றுவது? பத்து வருஷத்துக்கு முன்பு செய்துகொண்ட வைத்தியத்தை எப்படி மாற்றுவது? யாருக்கும் தெரியாமல் அடைத்த கடனை எப்படி மாற்றுவது? அந்த விவரங்கள் அவர்கள் உயிரோடு இருக்கும்வரை செல்லுபடியாகும்.

பணத்தைத் தொலைத்த சர்க்கார் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியும். ரகசியத்தைத் தொலைத்த சர்க்கார் எதைக் கொடுத்தும் சரிக்கட்ட முடியாது. ஆகவே ரகசியத்தைக் காப்பது, அதைக் கேட்கும்போதே ஆரம்பமாக வேண்டும்.

வேலைக்குத் தேவையானதை மட்டும் கேட்க வேண்டும். வேலை முடிந்தால் பைலையும் முடித்துவிட வேண்டும். காண்டிராக்டுக்காரரிடம் கொடுக்கும் சாவியும் வீட்டுச் சாவிதான் என்று நினைவு வேண்டும். ஒரு சாவி தொலைந்தாலும் கதவு திறக்காதபடி இரண்டாவது சாவி வேண்டும். தணிக்கைக்காரர் "மூடு" என்றால் மூட வேண்டும். களவு போனால், போன அன்றே உரியவருக்குச் சொல்ல வேண்டும்.

சர்க்கார் என்றாலும் சரி, கம்பெனி என்றாலும் சரி, பாரத்தில் ஒரு கேள்வியைச் சேர்ப்பது சுலபம். ஒரு வரி அச்சிட்டால் தீர்ந்தது. ஆனால் அதற்கு எழுதுகிற பதிலை, எழுதியவரின் ஆயுள் முழுவதும் காவல் காக்க வேண்டும். அதற்குத் தயாராக இல்லாதவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது.

நாமும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை யாராவது ஒரு பாரத்தை நீட்டினால், பேனாவைத் திறப்பதற்கு முன்பு மூன்று கேள்வி கேட்கலாம்: "இது எதற்கு? எங்கே வைப்பீர்கள்? எப்போது அழிப்பீர்கள்?"

பதில் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை!